தொரசானி முகம்

அம்மாவுக்கு, மமதா பணிவோடு எழுதுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? பெங்களூரில் வேலை முடிந்து மாரிகுப்பம் திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். கொல்கத்தா சாப்பாட்டில்தான் காரம் போதவில்லை.

"எப்பப் பாத்தாலும் எவளோ தொரசானி மூஞ்சியவே வரைஞ்சிகினு கீறியே, என் மூஞ்ச எப்ப வரைவே?" என்று கேட்டாயே. போன வாரம் வரைந்தேன், நினைவிலிருந்து, ஆயில் பெயிண்டில். பழைய ஓவியர் ஒருவர் தீட்டிய அந்த வெள்ளைக்காரியை மாதக்கணக்காகக் காப்பி செய்த கை, அவளுக்குக் கலந்த நிறத்தையே உனக்கும் கலந்துவிட்டது. கண்ணும் மூக்கும் நீதான், தோல் அவளுடையது. சிரிக்காதே.

ஓவிய வகுப்பில் ஒருத்தி, "உன் அம்மா இவ்வளவு சிவப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அம்மா. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு போட்டோ அனுப்பு. ஸ்டுடியோவுக்குப் போகாதே, பவுடரும் போடாதே. ஞாயிற்றுக்கிழமை வாசல் வெயிலில் நின்று எடு. கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் அனுப்பு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என் வெள்ளை பெயிண்ட் ட்யூப் அந்தப் படத்தோடு தீர்ந்துபோனது. பிரவுன் ட்யூப்பின் மூடி காய்ந்து இறுகிக் கிடந்தது. இன்று காலை அதைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.

உன் மமதா