சேனைக்குக் காத்திருந்த பிள்ளை

என் கண்ணான மீனாட்சிக்கு,

உன் மகள் செல்விக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் மூக்கு அப்படியே. நாள் நிறையும் முன்பே வந்துவிட்டதால் ஆள் கையளவுதான். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பிறந்ததும் சம்பந்தியம்மா பாலூட்ட விடவில்லை. "எங்க அண்ணன் ஐயம்பேட்டையிலேர்ந்து வந்துக்கினு இருக்காரு. அவரு கையால சேனை வெச்சப்புறம் பால் குடுக்கலாம்" என்றார். நல்ல குணமுள்ளவர் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்தானே, அதே குணம் பிள்ளைக்கும் வரட்டும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தையின் கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கத்தை நான் மறப்பேனா, மீனா? உன் தலைச்சன் பிள்ளைக்குச் சேனை வைக்க என்னைத்தானே கேட்டாய். அண்ணி கை ராசியான கை என்றாய். விடிகாலையில் ஆள் அனுப்பியும் நான் வந்து சேர்ந்தது உச்சிவேளைக்கு. அதுவரை பிள்ளை பட்டினி. நான் வைத்த தண்ணீரை அவன் சப்பவில்லை, கன்னத்தில் வழிந்தது. குளிருகிறது என்று இன்னொரு துணியைச் சுற்றினோம். நல்ல நேரம் தவறக்கூடாதென்று அன்று மாலையே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மூன்றாம் நாள் அவன் இல்லை.

இந்தமுறை நான் ஓடிப்போய் நர்சம்மாவைக் கையோடு இழுத்து வந்தேன். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரை குறைந்துவிட்டதாம்.

"பச்சக் கொழந்தைக்குக்கூடவா சர்க்கர?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏறினா வம்பு, இதுங்களுக்கு எறங்கினா வம்புமா. சின்னதாப் பொறந்தது பசியோட கெடக்கக் கூடாது" என்றார்.

செல்வியிடம் சீம்பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். அதோடு நரம்பில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டே அன்று எல்லோரும் எனக்காகக் காத்திருந்தீர்களே, மீனா. அவனுக்கும் இதுதானா என்று கேட்டேன். "பாக்காத புள்ளைக்கு நான் என்னம்மா சொல்ல?" என்றார். நீயாவது சொல்லேன்.

நேற்று சம்பந்தியம்மா மூட்டை கட்டிவிட்டார். நாளைக்கு அஷ்டமி, இன்றே கிளம்ப வேண்டுமாம். குளுக்கோஸை நிறுத்தியபிறகும், ஒவ்வொரு முறை பாலூட்டுவதற்கு முன்னால் எடுக்கிற ரத்தத்தில் சர்க்கரை விடாமல் சரியாக நிற்கவேண்டும், அப்போதுதான் அனுப்புவேன் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். நான் கதவை மறித்து உட்கார்ந்தேன். "உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று சம்பந்தியம்மா சீறினார். "ஒரு புள்ளைய வாரிக் குடுத்துட்டுத் தெரிஞ்சிக்கினேம்மா" என்றேன். அவர் கட்டிய மூட்டையைத் திரும்ப அவிழ்த்தார்.

இன்னொன்று சொல்லவேண்டும். இருபத்தைந்து வருஷமாக உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று பிள்ளையார்பாளையத் தெருவில் நெசவுக்குப் பாவு நூல் நீட்டியிருந்தது, பாதியில் விட்டுவர முடியவில்லை என்றேனே, அது பாதிப் பொய். பாவு வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. சேனை வைக்கப் போகிறவள் ஆயிற்றே என்று தலைமுழுகி, முடி உலர்த்தி, கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டி, கதம்பம் வாங்க வேறு நின்றேன். "பாவு தெருவுல இருந்தா எப்பிடி வருவீங்க, அண்ணி" என்று நீதான் என்னைத் தேற்றினாய். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என் கண்ணைத் துடைத்தாய். அது என்னை இன்றுவரை அறுக்கிறது.

இன்று காலையில் எடுத்த ரத்தமும் சரியாக இருக்கிறதாம். நடுக்கம் இல்லை. பசித்தால் வீறிட்டு அழுகிறான். இன்று சாயங்காலம், அஷ்டமியிலேயே, வீட்டுக்குப் போகிறோம். சேனையை யாரும் வைக்கவில்லை. உன் பேரனின் நாக்கில் முதலில் பட்டது உன் மகளின் பால்.

இனி நம் வீட்டில் எந்தப் பிள்ளையும் யாருக்காகவும் பசியோடு காத்திருக்காது. நான் இருக்கும்வரை கதவருகே நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

தாமதமாக வந்த உன் அண்ணி,
தனம்