ஆடித் தெப்பத்துக்கு முன் போயாவை அப்புறப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சுப்புராயன், கடல் தொழில்,
முகத்துவாரக்குப்பம், எண்ணூர்.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் துரை அவர்கள் சமூகம்,
செங்கற்பட்டு ஜில்லா.

விஷயம்: முகத்துவார மணலில் தட்டிக் கிடக்கும் இரும்புப் போயாவைக் குப்பத்தார் ஆடித் தெப்பமாகக் கடலில் இறக்கப்போவதைத் தடுத்து, அதை அகற்றக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

படிப்பறியாத சுப்புராயன் ஆகிய நான் வாயால் சொல்லி எழுதுவித்த மனு.

1. எம்டன் கப்பல் பட்டணத்தின் மேல் குண்டு போட்ட மாதத்தில் என் மகன் தேசப்பன் பிறந்தான். அன்றைக்கு எந்தக் காற்று அடித்தது என்று கேட்டாலும் சொல்வேன். எனக்கு ஞாபகப் பிசகு கிடையாது. கீழே சொல்வதைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார்.

2. சென்ற ஐப்பசிப் புயல் ஓய்ந்த மறுநாள், நானும் என் பெண்சாதி அங்கம்மாளின் தம்பி கோதண்டமும் கட்டுமரம் தள்ளினோம். போயா என்பது கப்பலைக் கட்டிவைக்கும் இரும்பு மிதவை. மாட்டுவண்டி அத்தனை பெரியது ஒன்று, எங்கிருந்தோ புயலில் அறுத்துக்கொண்டு, சங்கிலியோடு அலையில் உருண்டு வந்து எங்கள் மேல் ஏறியது. மரம் விறகாகச் சிதறியது. கோதண்டம் அதன் அடியில் போனான். சங்கிலி என் இடது காலைச் சுற்றிக்கொண்டது. போயா உருள உருள, கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கவலைச் சால் ஒன்றை முக்கி எடுப்பதுபோல் என்னை அடியில் முக்கி மறுபக்கம் தூக்கியது. மேலே வந்தபோது மூச்சை இழுத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். பொழுது சாயும்போது அது முகத்துவார மணலில் தட்டி நின்றது. பிணம் என்றுதான் என்னை அவிழ்த்தார்கள். நான் இருமினேன். கோதண்டம் இன்றுவரை கரைக்கு வரவில்லை.

3. நான் காய்ச்சலில் கிடந்த நாட்களில், குப்பத்துச் சனம் அந்த இரும்புக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, போயாத்தம்மன் என்று பேரும் வைத்துவிட்டது. அதைத் தொட்டுக் கும்பிடாமல் இப்போது ஒரு மரமும் கடலுக்குப் போவதில்லை. மீஞ்சூரிலிருந்தும் சடையங்குப்பத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கி வந்து, என் காலில் உள்ள சங்கிலித் தழும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கரையில் வடக்கும் தெற்குமாக நடந்தபடி இருக்கிறேன். சோற்றில் கை வைத்தாலும் கண் அந்த இரும்பின் மேல்தான் போகிறது.

4. வரும் ஆடி மூன்றாம் ஞாயிறு, கூழ் வார்த்த பிறகு, நீர் ஏறும் வேளை பார்த்துப் போயாவை மணலிலிருந்து கிளப்பி, கட்டுமரங்களில் கயிறு பூட்டி, கடலுக்குள் இழுத்துத் தெப்பம் விடுவதாகப் பஞ்சாயத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அதன் மேல் மாலை போட்டு என்னை உட்கார வைப்பார்களாம். சங்கிலியைக் கழற்றக்கூடாதாம். அது ஆத்தாளின் சடையாம். ஐயா, அந்த இரும்பு தண்ணீரில் நிலையாக நிற்காது. அது உருளும். உருண்டால் சங்கிலி கயிற்றை வாரும், கயிறு மரங்களை வாரும். ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த மரங்களின் மேல்தான் இருப்பார்கள்.

5. சொல்லிப் பார்த்தேன். "இன்னா பெருசு, உன் உசிரக் குட்த்த ஆத்தா மேலயே பிராது குடுக்கிறியா?" என்று சிரிக்கிறார்கள். "ஆத்தாளுக்கு உன்னால கோவம் வந்துச்சின்னா, கடலுக்குப் போற என் புள்ளைக்கு ஆரு ஜவாபு?" என்று அங்கம்மாள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். கோதண்டத்தின் பெண்சாதி மங்கை ஒருத்திதான் அந்தப் பக்கம் போவதில்லை. "அண்ணே, அதும் முன்னால கைகூப்பிகினு நான் இன்னான்னு கேக்கறது?" என்றாள். அது என்னைத் தூக்கியது நிசம். கோதண்டத்தை அமுக்கியதும் அதுதான். இரண்டும் அது அறிந்து செய்ததல்ல.

6. போயா யாருடையது என்று பட்டணத்தில் ஒரு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். எங்களுடையது அல்ல என்றார்கள். அங்கிருந்த குமாஸ்தா, "நீதான் உசிரோட கீறியே, உனக்கு இன்னாய்யா குறை?" என்றார். ஆகையால் இந்த மனுவுக்குக் காரணம் என் குறை அல்ல என்று தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. அந்த ஞாயிற்றுக்குள் ஆள் அனுப்பி, சங்கிலியை வெட்டி, போயாவை உடைத்தோ வண்டியேற்றியோ கொண்டுபோக வேண்டும். சனம் அழும், மண்ணை வாரித் தூற்றும். அந்தச் சாபம் என் பேரில் இருக்கட்டும். அதுவும் ஆகாதென்றால், அன்றைக்கு மட்டும் கரையில் போலீஸ் நிறுத்தி, ஒரு மரமும் கயிறு பூட்டாமல் தடுக்க வேண்டும்.

நான் ஏற மாட்டேன் என்று பஞ்சாயத்தில் சொன்னேன். அப்படியானால் அப்பன் இடத்தில் மகன் உட்காரட்டும் என்று தீர்த்துவிட்டார்கள். தேசப்பனும் தலையாட்டிவிட்டான். துரை அவர்களின் ஆள் வராவிட்டால், மாலையை வாங்கிக்கொண்டு நானே ஏறி உட்காருவேன். அது உருளும் விதம் எனக்குத்தான் தெரியும். வெட்டு வெட்டு என்று நான் கத்தும்போது, தன் மரத்துக் கயிற்றை வெட்டிக்கொள்ளும்படி தேசப்பனிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி நான் கத்த வேண்டி வராமல் துரை அவர்கள் காக்க வேண்டும்.

இடம்: எண்ணூர்
தேதி: ஜய வருஷம் ஆடி மாதம் 5-ந் தேதி

சுப்புராயன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, அவருக்குப் படித்துக் காட்டியவர்: அம்புரோஸ், திருவொற்றியூர்.