விருந்தினர் இணைப்பு

நிலவின் தென்துருவம், புதிய குடில்
காலை 8.40

ரவுட்டரைச் சுவரில் மாட்டியாயிற்று. இதைப் பின்னால் படிக்கிறவருக்காக: நான் மங்கையர்க்கரசி, தகவல் தொடர்புப் பொறியாளர், சாத்தூர்க்காரி. இங்கே இருப்பதே இரண்டு பேர்தான். இன்னொருவர் மாயகிருஷ்ணன் அண்ணன், அருப்புக்கோட்டை. அரைக் கிலோமீட்டர் தள்ளி, பழைய குடிலில் இருக்கிறார். ஆக்சிஜன் தொட்டியும் பூமியோடு பேசும் ஆன்டெனாவும் அங்கேதான். இந்த ரவுட்டர் அங்குள்ள ரவுட்டரோடு சேர்ந்துவிட்டால் கதவு, காற்று வால்வு, பேச்சு எல்லாவற்றையும் இங்கிருந்தே இயக்கலாம்.

காலை 9.25

சிக்னல் பிரமாதம். கடவுச்சொல் மட்டும் பாக்கி. அண்ணனுக்கு நல்ல கைராசி. அவர் முதலில் கை வைத்த எந்த இயந்திரமும் இதுவரை மக்கர் செய்ததில்லை. அதனால் நிர்வாகி உரிமையை அவருக்கே அனுப்பினேன்.

"அண்ணே, பாஸ்வேர்ட நீங்களே போட்டுவிடுங்க. உங்க கையால ஆரம்பிக்கட்டும்."

"இஞ்சினியரிங் படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்று சிரித்தார். போட்டார். என்ன போட்டார் என்று நான் கேட்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பழகுகிறவரிடம் அதைக் கேட்பேனா?

காலை 10.50

தொட்டியில் கசிவு. பூமியிலிருந்து வந்த செய்தி: "மீட்புக் கலம் வர்ற வரைக்கும் ஒருத்தருக்குத் தாராளமா இருக்கு. ரெண்டு பேருன்னா இழுபறிதான், ஆனா அசையாம படுத்திருந்தா தாங்கும். ரெண்டு பேரும் பழைய குடிலுக்குப் போயிருங்க."

அண்ணன் உடனே பேசினார்: "பயப்படாத தங்கச்சி. கிளம்பி வா, ஒண்ணா சமாளிப்போம்."

எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

பகல் 12.10

பழைய குடிலின் கதவு திறக்கவில்லை. திரையில், 'இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை'. என் உடையின் ரேடியோவும் செத்துவிட்டது, அதுவும் அதே நெட்வொர்க்தானே. ஜன்னலைத் தட்டினேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். எழுந்து வந்து ஜன்னல் மூடியை இறக்கிவிட்டார்.

உடையில் காற்று குறைந்ததால் திரும்பி வந்துவிட்டேன். இந்தக் குடிலுக்குக் காற்று வரும் வால்வையும் அங்கிருந்தே அடைத்துவிட்டார். உள்ளே இருக்கிற காற்றுதான் மிச்சம்.

பாவி. ஒரே தட்டில் சாப்பிட்டோமே!

பகல் 12.45

ஊக்கால் ரீசெட் துளையை அழுத்தினேன். ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுந்தது. அங்குள்ள ரவுட்டர் சேர்க்க மறுக்கிறது. என் கருவிகள் ஒவ்வொன்றையும் பெயர் பெயராகத் தேடித் தடுத்திருக்கிறார். பதற்றத்தில் செய்கிற காரியமா இது? உட்கார்ந்து நிதானமாகச் செய்திருக்கிறார்.

கடவுச்சொல் கேட்காத விருந்தினர் இணைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அதில் பூமியின் பொது அலைவரிசையைக் கேட்கலாம். பேச முடியாது. கேட்டேன்.

"அரசி வழியிலேயே விழுந்துட்டா சார். உடை கிழிஞ்சிருச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள…" அண்ணன் அழுகிறார். நிஜமான அழுகை மாதிரியே இருக்கிறது.

ஐயோ, நான் உயிரோடு இருக்கிறேன். அவர் பொய் சொல்கிறார்! சுவரைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

பகல் 2.20

தலை பாரமாக இருக்கிறது. எழுத்துத் தப்புகிறது. கோபப்பட்டால் காற்று வீணாகும். எப்படிக் கோபப்படாமல் இருப்பது? கூப்பிட்டாரே, வா என்று வாய் நிறையக் கூப்பிட்டாரே. நான் வெளியே இறங்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

பூமியிலிருந்து புதுக் குரல். கட்டுப்பாட்டு அறையில் யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள்.

அம்மா.

பகல் 2.30

"அழாதீங்க தம்பி. எம்பொண்ணு போயிட்டா. அவ கடைசி நேரத்துல கூட நீங்க இருந்தீங்களே, அது போதும்யா. காத்த மிச்சம் பிடிச்சு நல்லபடியா வந்து சேருங்க. இனிமே நீங்கதான் எனக்குப் புள்ள."

"சரிம்மா" என்கிறார். "வந்துர்றேன்மா."

பகல் 2.3

அம்மா என்று கூப்பிடாதே அவளை

அம்மா நான் இங்கே இருக்கிறேன் நம்பாதே அவனை நான் இங்கே