கூல்தோ

பேத்தி ஜேர்மனியிலிருந்து லீவுக்கு வந்து நிற்கிறாள். குசினி மேசையில் அவள் விட்டுப்போன தாளில் மரம் ஒன்று கீறியிருக்கிறது, கிளைக்கொரு சொல்லாக. உச்சியில் நம்முடைய சொல்லைக் கண்டதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கூல்தோ.

கோபிக்காதேயடி சிநேகிதி. சொல்லிக்கொடுத்தது நான்தான்.

என் பேத்தி கெட்டிக்காரி. பதினாறு வயதில், அந்தப் பக்கத்துப் பாஷைகளின் சாயலில் தானாகவே மூன்று பாஷை செய்து வைத்திருக்கிறாள். "மூண்டுக்கும் ஒரு தாய்ச் சொல் வேணும் அம்மம்மா, எங்கேயிருந்து வந்தது எண்டு காட்ட வேணும்" என்றாள். "அஞ்சாம் வகுப்புப் படிச்ச நானும் பாஷை செய்தனான்" என்று பெருமைக்கு வாய்விட்டேன். பிறகு விடுவாளா?

பூநகரியில் நம் இருவரையும் ஒரே கிழமையில் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து நாற்று நட விட்டார்களே. உங்கள் வயல் அந்தப் பக்கம், எங்கள் வயல் இந்தப் பக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உன் மாமி, "என்னடி அங்கே கதை?" என்பா. அதற்காகத்தானே வரம்பில் நின்று, காற்றுக்கு எதிராக ஒவ்வொரு சத்தமாகக் கத்திப் பார்த்தோம்! "மாடு மிரளுது, வேற கத்தடி" என்று சிரித்தாய். மற்றவள் காதுக்கு முழுதாக வந்துசேர்ந்தது கூல்தோ. 'நான் இங்கே நிக்கிறன், நீ எங்கே?' என்று பொருள் வைத்தோம். பதிலுக்கு நீ ஒரு சொல் செய்தாய். "செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாய்.

இடம்பெயர்ந்துபோய் வவுனியா முகாமில் தண்ணீருக்கு நின்றபோது, எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உன் பேரைச் சொல்ல, யார் யாரோ திரும்பினார்கள். பிறகு கூல்தோ என்று கத்தினேன். கூடாரங்களுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கிழவியானாலும் தொண்டை குறையேல்லையடி" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாய்.

போன மாரியில் நீ கண்ணை மூடினபிறகு, அந்தச் சொல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னோடு எரிந்துபோகட்டும் என்று விட மனம் வரவில்லை. சத்தியத்தை மீறினேன்.

இப்போது அது ஒரு பாஷையில் கூல்த், 'இங்கே' என்று பொருளாம். இன்னொன்றில் ஹூல்த, தேடுவது. மூன்றாவதில் கூல்டெ என்றால் சிநேகிதியாம். அடியில், 'பிறந்த இடம்: பூநகரி வயல் வரம்பு' என்று எழுதியிருக்கிறாள்.

"பதிலுக்கு என்ன சொல்லுறது அம்மம்மா?" என்று கேட்டாள்.

"மறந்துபோச்சு" என்றேன்.

மறக்கவில்லையடி. கூப்பிடுகிற சொல்லைத்தான் கொடுத்தேன். பதில் உன்னுடையது. அதை உன் குரலிலேயே வைத்திருக்கிறேன்.