நாற்காலி சொன்ன பதில்

காப்ரோவோ, மே 12

அன்புள்ள யாவோர் அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். செர்ரி இன்னும் பழுக்கவில்லை. உன் ஊரில் இன்னும் குளிர்தானா? மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து அப்பாவுக்குத் தலையசைப்புதான் மொழி. எங்கள் பட்டறையில் நான் செய்த மோட்டாரை அவருடைய சக்கர நாற்காலியில் பொருத்தியிருந்தேன். முற்றத்தில் அவர் மெதுவாக ஊர்ந்து போகும்போது பக்கத்தில் நடந்தபடி, "சண்டை போட்டுட்டுப் போய் நாலு வருஷமாச்சு, அண்ணனை வரச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. தலையை வெடுக்கென்று மேலே தூக்கினார். நம் ஊரில் அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறென்ன? அப்படியே உனக்கு எழுதிவிட்டேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு பென்கா அத்தை சண்டைக்கு வந்தாள். "உங்கப்பனுக்கு என்னடி கொழுப்பு? நாற்காலியில போறப்ப காப்பி வேணுமான்னா வேணாம்னு தலையைத் தூக்குறாரு, கப்பை எடுத்துட்டுப் போனா முறைக்கிறாரு!" சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: நான் உன்னைப் பற்றிக் கேட்டதும் நாற்காலி ஓடும்போதுதான்.

மறுநாள் நாற்காலித் தட்டில் தளும்பத் தளும்ப மோர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போனால் சிந்தவில்லை. மெதுவாகப் போனால் விட்டுவிட்டுத் துள்ளியது. இந்த மோட்டாரில் காந்தம் கிடையாது. சுற்றிலும் உள்ள செம்புக் கம்பிச் சுருள்கள் முறைவைத்து, நடுவில் சுழலும் சக்கரத்தின் இரும்புப் பற்களை இழுக்கும். நான் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்னோட்டம் கொடுத்திருந்தேன். ஒரு சுருள் விட்டு அடுத்தது பிடிக்கும் இடத்தில் இழுப்பு தளர்ந்து, சட்டென்று ஏறியது. அப்பாவின் வலுவில்லாத கழுத்து அந்த வெட்டில் பின்னால் போய், தலை மேலே தூக்கியிருக்கிறது.

ஐந்து நாள் பாகை பாகையாக இழுப்பை அளந்தேன். இப்போது அடுத்த சுருளில் கொஞ்சம் முன்னதாகவே மின்னோட்டம் ஏறுகிறது; முந்தையதில் மெல்ல இறங்குகிறது. இரண்டின் இழுப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு. மோர் லேசாக நடுங்குவதோடு சரி.

நேற்று அதே கேள்வியை ஓடும்போது ஒரு முறையும், நாற்காலியை நிறுத்தி எதிரில் உட்கார்ந்து ஒரு முறையும் கேட்டேன். இரண்டு தடவையும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார், நம் ஊர் 'ஆமாம்'. இரண்டாம் தடவை ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. "போதும்யா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள் பென்கா அத்தை.

மார்ச்சில் உன்னை வராதே என்றது என் மோட்டார், அண்ணா. அப்பா இல்லை.

உன் அறையில் நான் குவித்திருந்த செம்புக் கம்பிகளை எடுத்து, கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன். வழியெல்லாம் நல்லபடியாக வந்து சேர்.

உன் தங்கை,
ராலித்சா