நீங்கள் கட்டாத கட்டணம்

ரூபிணியின் அப்பாவுக்கு,

மகளும் நானும் பூச்சோங்கில் என் தோழி வீட்டில் இருக்கிறோம். தேடி வர வேண்டாம்.

கல்யாணமாகி இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு, இந்தக் கிள்ளானுக்கு வந்து பதினோரு வருடம். பி.ஆர். என்கிற நிரந்தரவாச விண்ணப்பத்துக்கென்று, பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு ரவிக்கை தைத்து மூன்று முறை உங்களிடம் பணம் தந்தேன். ஒவ்வொரு முறையும், "கட்டணத்த ஏத்திட்டானுங்க லா, இன்னும் கொஞ்சம் வேணும்" என்றீர்கள். நானும் நம்பி, அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே தைத்தேன்.

நேற்று நானே குடிநுழைவு அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கட்டணம் ஏறினது உண்மைதான் அக்கா. ஆனா உங்க பேர்ல விண்ணப்பமே இல்லையே" என்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்டால், "பி.ஆர். கெடைச்சா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவ" என்கிறீர்கள்! போகிறவளாக இருந்தால், நீங்கள் கால் ஒடிந்து ஆறு மாதம் கிடந்தபோதே போயிருக்க மாட்டேனா? பணம் போகட்டும். வருடா வருடம் விசாவுக்காக உங்கள் கையெழுத்தைக் கேட்டு நின்றேனே, அது உங்களுக்கு இனித்ததா?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலகத்துக்கு வந்து, என் கண்முன்னால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஏறிய கட்டணத்தை நானே கட்டுவேன். வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி