கைக்கு எட்டாத வால்வு

3 ஜூலை 1984, செவ்வாய்

பன்னிரண்டு வருஷமாகக் கப்பலுக்கு அடியில் மூழ்கி, அதில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிறேன். எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதும், அது என் கையிலிருந்து ரொம்ப தூரத்தில் இருப்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பெனி புது செட் வாங்கியிருக்கிறது. இரண்டு காற்று டேங்க் சேர்த்துக் கட்டியது. பிடரிக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு வால்வு, இடப்பக்கம் ஒன்று. சுவாசிக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டரும் இரண்டு. சூப்பர்வைசர் பாலகிருஷ்ணன் சார் நீச்சல் குளத்தில் விளக்கினார். ஒரு ரெகுலேட்டர் கெட்டுக் காற்று கொட்ட ஆரம்பித்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் டேங்க் இரண்டும் காலி. தலைக்கு மேலே கப்பல், நேரே மேலே வர முடியாது. அதனால் கையைப் பின்னால் விட்டு அந்தப் பக்க வால்வை மூடிவிட்டு, மற்றதில் மூச்சு வாங்கணும். பார்க்காமல், தனியாக, முப்பது விநாடிக்குள். மாசக் கடைசியில் டெஸ்ட். தேறாதவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது, படகில் மேல்வேலைதான்.

என் ஜோடி ஒலி முகம்மது தலை சொறிவதுபோல எட்டி மூடிவிட்டான். என் கை காதுப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"என்ன ராஜ், சலாம் வைக்கிறீங்களா?" என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

8 ஜூலை, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து வீட்டிலேயே பயிற்சி. மகள் ரூபியின் பள்ளிக்கூடப் பையில் இரண்டு மைலோ பவுடர் டின்னை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். அவள் கடிகாரம் பார்த்தாள்.

"அப்பா, உங்க கை குட்டை லா." இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு 'லா'.

"கை சரியாத்தான் இருக்கு. வயிறு கொஞ்சம் வழியில நிக்குது."

அடுப்படியிலிருந்து என் மனைவி பிரிஜட் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, முதுகு அரிச்சா என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் சொறிஞ்சு விடமாட்டேனா?"

19 ஜூலை, வியாழன்

கை எட்ட ஒன்றரை நிமிஷம். அதுவும் தரையில், பனியனோடு. சிராங்கூன் ரோட்டு மருந்துக்கடையில் வாங்கிய தைலம் தோளில் எரிகிறது. பலன் அவ்வளவுதான்.

27 ஜூலை, வெள்ளி

தேறிவிட்டேன்.

இல்லை. உள்ளபடி எழுது, அற்புதராஜ். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

காலையில் உடை மாற்றும்போது ஒலியிடம் விளையாட்டுபோலச் சொன்னேன்: "தம்பி, என் வால்வுக்குப் போற கை உன் கையா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் கேட்கிற விஷயமெல்லாம் இப்படித்தான், சிரிப்புக்குள் சுற்றித்தான் வரும்.

தண்ணீருக்குள் ஜோடி பின்னால் நிற்பது வழக்கம். சார் காற்றைத் திறந்துவிட, குமிழி கிளம்பி ஒன்றுமே தெரியாத நேரத்தில் என் வால்வு மூடிக்கொண்டது. என் கை காதுப் பக்கத்தில் சும்மா நின்றது. அப்புறம் சாருக்கு விரலை வட்டமாக்கிக் காட்டினேன், சரி என்று.

"இருபத்திரண்டு செகண்ட்! இனி சலாம் வைக்க வேண்டியது நான்தான் லா!" என்று முதுகில் தட்டினார். எனக்கு எட்டாத அதே இடத்தில்.

ஒலி மட்டும் மெதுவாகச் சொன்னான்: "நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் உங்களுக்கு என்னண்ணே கவலை?"

28 ஜூலை, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்ல. பிரிஜட்டிடம் கோபப்பட்டது, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாதது, எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. ஃபாதர் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். இரண்டாவதிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

15 ஆகஸ்ட், புதன்

மாதா திருநாள். கோயில் வாசலில் ரூபி பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கப்பா இருபத்திரண்டு செகண்ட், ஆன்ட்டி. வயசான ஆளு, ஆனா டெஸ்ட்ல பாஸ்!"

செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். செருப்பு காலில்தான் இருந்தது.

11 செப்டம்பர், செவ்வாய்

எழுத்து கோணலாக வருது.

பெரிய எண்ணெய்க் கப்பல். அடிப்பாகம் தட்டையாக, சிமெண்டுத் தரையைக் கவிழ்த்துப் போட்டதுபோல இருக்கும். நான் அடியில். ஒலி பக்கவாட்டில், மேலே. திடீரென்று என் ரெகுலேட்டர் இரைந்தது. வாயிலிருந்து பிடுங்குகிற மாதிரி காத்து கொட்டுது. கையைப் பின்னால விட்டேன். எட்டலை. மறுபடியும். விரல் நுனி பட்டுது, பிடிக்க முடியலை. மூணாவது தடவை அதுவும் படலை. பிரிஜட் ஞாபகம் வரலை, மாதா ஞாபகம் வரலை. மைலோ டின் ஞாபகம்தான் வந்துது.

குமிழியைப் பார்த்து ஒலி தலைகீழாகப் பாய்ந்து வந்தான். நாங்கள் இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதி ஊதித்தான் இறங்கணும், இல்லையென்றால் காதுச் சவ்வு கிழிந்துவிடும். அவன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வந்தான், வால்வை மூடினான், மற்ற ரெகுலேட்டரை என் வாயில் திணித்தான், வெளியே தள்ளிக்கொண்டு போனான்.

மேலே வந்ததும் பார்த்தால் அவன் காதிலிருந்து ரத்தம்.

14 செப்டம்பர், வெள்ளி

விசாரணை. ஒலி காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். சவ்வு கிழிந்துவிட்டது. மூன்று மாசம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

சார் அவனைக் கேட்டார். "எதுக்கு இடத்தை விட்டுப் பாஞ்ச? ராஜ் டெஸ்ட் பாஸ் பண்ணவர். அவரே மூடிக்குவார். நீ மேலே போய்ச் சொல்லியிருக்கணும். அதானே ரூல்?"

ஒலி தரையைப் பார்த்தான்.

"ராஜ், நீங்க சொல்லுங்க."

"மூடத்தான் போனேன் சார். அதுக்குள்ள வந்துட்டான்."

பொய் இல்லை. மூடத்தான் போனேன். எத்தனை தடவை போனேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒலி அப்போதுதான் தலை தூக்கி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை.

அவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை. எனக்கு ஒரு கப் காப்பி.

16 செப்டம்பர், ஞாயிறு

பழம் வாங்கிக்கொண்டு ஒலி வீட்டுக்குப் போனேன். அவன் தூங்குவதாக அவன் மனைவி நஃபீசா சொன்னாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவைன்னா வேலை போயிடும்னு எழுதியிருக்காங்கண்ணே. ஏன் இடத்தை விட்டு வந்தாருன்னு உங்ககிட்டயாவது சொன்னாரா? என்கிட்ட வாயே திறக்கலை."

எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பேனே நான். ஒன்றுகூட வரவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினேன். எட்டு மாடி.

என்ன மனுஷன்டா நீ?

17 செப்டம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில், சார் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்.

"டெஸ்ட்ல மூடினது என் கை இல்லை சார். ஒலி கை. கேட்டது நான். எனக்கு எட்டாதுன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதான் வந்தான்."

சிரிப்பார் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. சிரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

"டெஸ்ட்லேருந்து விபத்து வரைக்கும் நாப்பத்தாறு நாள். அவன் தன் வேலையையும் பார்த்து, உங்களையும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்."

எச்சரிக்கைக் கடிதம் கிழிந்தது. புதிதாக ஒன்று, என் பெயரில். ஒலி செய்ததும் தப்புதான், அவனும் மறுபடி டெஸ்ட் கொடுக்கணும் என்றார். நான் படகு மேல்வேலைக்கு. எட்டினால் மறுபடி இறங்கலாம்.

இரவுச் சாப்பாட்டில் ரூபியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தாள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே அப்பா," என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

29 அக்டோபர், திங்கள்

மறு டெஸ்ட். வலது வால்வு, இருபத்தொன்பது விநாடி. என் கை, என் விரல். இடது எட்டவில்லை. சார் கேட்பதற்கு முன்னால் நானே தலையை ஆட்டினேன், இல்லை என்று.

18 டிசம்பர், செவ்வாய்

ஒலி இறங்கலாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். நேற்று டெஸ்டும் முடித்துவிட்டான். மூன்று மாசமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு?

அந்த விபத்துக்கு அப்புறம் இறங்குகிற ஒவ்வொருத்தர் இடுப்பிலும் கயிறு கட்டுகிறோம். மறுமுனை படகில் ஒருவர் கையில். ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கேன்'.

இன்று படகில் இரண்டு பேர் கயிறு பிடிக்க நின்றோம், நானும் ஒரு மலாய்க்காரரும். ஒலி அவரைத் தாண்டி வந்தான். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுமுனையை என் கையில் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிவிட்டான்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஒரு தடவை நான் கொஞ்சம் தாமதித்தபோது, கீழேயிருந்து அவனே இழுத்தான்.